குதிரையின் வாயில் ஐந்தரைக் கோடி ஆண்டு!

அந்தியூர்ச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்தப் பல் சொல்லும் கதை பள்ளிக்கூடப் புத்தகத்தில் வேண்டுமா, வேண்டாமா?

ஆடி மாதம் பிறந்தால் அந்தியூருக்குப் பக்கத்தில் உள்ள புதுப்பாளையத்தில் கூட்டம் கூடிவிடும். குருநாதசாமி கோவில் திருவிழா. அதோடு சேர்ந்த மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் ஈரோடு மாவட்டம் முழுவதும் பிரசித்தம். திப்பு சுல்தான் தன் படைக்குக் குதிரை வாங்கிய காலத்தில் தொடங்கிய சந்தை என்று ஊரில் சொல்வார்கள்.

மார்வாரிக் குதிரை நிற்கிறது. கத்தியவார்க் குதிரை நிற்கிறது. நாட்டுக் குதிரையும் நிற்கிறது. ஒன்று டோல் சத்தத்துக்கு நாட்டியம் ஆடுகிறது. பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்று பார்க்கிறார்கள்.

ஆனால் குதிரை வாங்க வந்தவர் நாட்டியத்தைப் பார்ப்பதில்லை. நேராகக் குதிரையின் தலைக்குப் போகிறார். உதட்டை விலக்குகிறார். பல்லைப் பார்க்கிறார்.

"ஆறு வயசுதானுங்க!" என்கிறார் விற்க வந்தவர்.

வாங்க வந்தவர் பதில் சொல்வதில்லை. மறுபடியும் ஒரு முறை பார்க்கிறார். பிறகுதான் தோளில் கிடக்கும் துண்டு கீழே இறங்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்பது நம் பழமொழி. காசு கொடுத்து வாங்குவதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பொய்க் குழி

காங்கயம் மாட்டை விற்பவர்கள் "ரெண்டு பல், நாலு பல், ஆறு பல்" என்று கணக்குச் சொல்வார்கள். குதிரைக்கும் அதே கணக்குதான். இரண்டரை வயதில் நடுப் பால்பற்கள் இரண்டு விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். மூன்றரை வயதில் அடுத்த இரண்டு. நாலரை வயதில் ஓரத்துப் பற்கள்.

அதற்குப் பிறகு வயதை எப்படிச் சொல்வது? குதிரையின் முன்பல்லின் மேற்புறத்தில் ஒரு சிறு குழி இருக்கும். தீனி தின்னத் தின்னப் பல் தேயும். குழியும் மறையும். கீழ்த் தாடையில் நடுப் பல்லின் குழி ஆறு வயதில் மறையும். அடுத்தது ஏழு வயதில். ஓரத்துப் பல்லில் எட்டு வயதில்.

இதிலும் மோசடி உண்டு! கிழட்டுக் குதிரையின் பல்லில் குழி தோண்டி, சூட்டுக்கம்பியால் கறுப்பாகச் சுட்டு, இளங்குதிரை என்று தலையில் கட்டுவது ஐரோப்பியத் தரகர்களின் பழைய வித்தை.

இப்படிச் சந்தையில் பார்ப்பதெல்லாம் முன்பல்தான். உள்ளே, கன்னத்துக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன. முன்பல் ஒரு குதிரையின் வயதைச் சொல்லும். கடைவாய்ப் பல் குதிரை இனத்தின் வயதையே சொல்லும். அது எட்டு வருஷக் கணக்கு அல்ல. ஐந்தரைக் கோடி ஆண்டுக் கணக்கு!

தானே கொத்திக்கொள்ளும் அம்மி

"அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ!"

ஒரு காலத்தில் தெருவில் இந்தக் குரல் கேட்காத ஊர் இல்லை. அம்மியை ஏன் கொத்த வேண்டும்? அரைக்க அரைக்கக் கல் வழவழப்பாகிவிடும். வழவழப்பான கல்லில் மிளகாய் வழுக்கும், அரைபடாது. உளியால் கொத்தி மறுபடியும் சொரசொரப்பு ஏற்றினால்தான் அம்மி அம்மியாக இருக்கும்.

1955ல் கோவையில் சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டினார். கிரைண்டர் பிறந்தது. கோவை கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. மோட்டார் வந்ததே தவிர, கல்லின் குணம் மாறவில்லை. வழவழத்துப் போன கல் மாவை நன்றாக ஆட்டாது என்பது இட்லிக்கு மாவு ஆட்டும் எல்லோருக்கும் தெரியும்.

குதிரையின் கடைவாய்ப் பல்லும் அரைக்கும் கல்தான். ஆனால் அதைக் கொத்த ஆள் வேண்டாம். தன்னைத்தானே கொத்திக்கொள்ளும்!

எப்படி?

நம் பல்லில் எனாமல் என்ற கெட்டிப் பொருள் வெளியே ஓர் உறை போல மூடியிருக்கிறது. குதிரையின் பல்லில் எனாமல் அப்படி வெளியே மட்டும் நிற்பதில்லை. துணியை மடித்து மடித்து வைத்தது போலப் பல்லின் உள்ளே வளைந்து வளைந்து போகிறது. மடிப்புக்கு ஒரு பக்கம் டென்டைன் என்ற, கொஞ்சம் மெதுவான பொருள். மறுபக்கம் அதைவிட மெதுவான இன்னொரு பொருள். அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரே சிமெண்ட்! இடைவெளியைச் சிமெண்ட் நிரப்புகிறது.

மூன்று பொருள். மூன்று விதமான கெட்டி. புல்லை அரைக்கும்போது மெதுவானவை முதலில் தேய்கின்றன. எனாமல் மெல்லத் தேய்கிறது. அதனால் எனாமல் வரிகள் எப்போதும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தேயத் தேயப் புது வரி! சாகும் வரை சொரசொரப்பு குறையாத கல்.

சரி, தேய்ந்துகொண்டே போனால் பல் தீர்ந்துவிடாதா?

தீராது. குதிரையின் தாடைக்குள் பல் புதைந்து கிடக்கிறது. இளம் குதிரையின் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் சுமார் மூன்று அங்குல நீளம் இருக்கும். ஈறுக்கு வெளியே தெரிவது கொஞ்சம்தான். மீதி உள்ளே இருப்பு. வருஷத்துக்கு இரண்டு, மூன்று மில்லி மீட்டர் தேயும். அதே அளவு உள்ளேயிருந்து வெளியே வரும். பென்சில் தேயத் தேயச் சீவுகிறோம் அல்லவா, அது போல.

மூன்று அங்குலம் என்றால் 75 மில்லி மீட்டர். வருஷத்துக்கு இரண்டரை வீதம் கணக்குப் போட்டால் 30 ஆண்டு வரும். நன்றாகப் பராமரித்த குதிரையின் ஆயுளும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மேலும் கீழும், இருபுறமுமாக இப்படி ஆறு ஆறு பற்கள். மொத்தம் 24 கற்கள். இவ்வளவு நீளப் பல்லைப் புதைத்து வைக்க ஆழமான தாடை வேண்டும். கண்ணும் பின்னால் தள்ளிப் போக வேண்டும். "குதிரை மூஞ்சி" என்று ஆளைக் கேலி செய்கிறோமே, அந்த நீள மூஞ்சிக்கு இந்தப் பல்லும் ஒரு முக்கியக் காரணம்!

மாட்டுக்குத் தேவையில்லையா?

மாடும் புல்தான் தின்கிறது. அதற்கும் நீளமான கடைவாய்ப் பல் உண்டு. ஆனால் மாட்டுக்கு ஒரு சௌகரியம். அவசரமாக மென்று விழுங்கி, பிறகு நிழலில் படுத்து அசை போடலாம். அதன் வயிற்றில் நான்கு அறைகள். முதலில் சரியாக அரைபடாததை மறுபடியும் வாய்க்குக் கொண்டுவந்து அரைக்கிறது.

குதிரைக்கு அசை போடத் தெரியாது. அதற்கு ஒற்றை வயிறு. புல் நொதித்துச் செரிப்பது அதற்கும் பின்னால், பெருங்குடல் பக்கம். விழுங்கியது விழுங்கியதுதான். அரைக்கக் கிடைப்பது ஒரே தடவை. அதனால்தான் அதன் பல் இவ்வளவு பெரிய எந்திரம்.

இந்த எந்திரத்துக்கு வேலை கொடுக்காவிட்டாலும் ஆபத்து. குதிரையின் மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். தாடையைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டி மென்றால்தான் பல் சமமாகத் தேயும். புல்லைக் குறைத்து, கொள்ளும் தவிடுமே போட்டு லாயத்தில் கட்டி வைத்தால் தாடை அகலமாக ஆடாது. பல் ஓரத்தில் கத்தி முனை போல எனாமல் நீட்டிக்கொள்ளும். கன்னம் கிழியும். குதிரை தீனியைக் கீழே சிந்தும். கால்நடை மருத்துவர் அரம் கொண்டு அந்த முனைகளைத் தேய்த்துவிட வேண்டியிருக்கும்.

13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சேர்த்துப் போட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்த குதிரைகள் சீக்கிரம் செத்தன என்றும் சொல்கிறார். புல் அரைக்க வந்த பல்லுக்குக் குழைந்த சோறு!

புல்லில் என்ன இருக்கிறது?

கரும்புத் தோட்டத்தில் சோகை உரித்தவர்களைக் கேட்டால் தெரியும். கை முழுவதும் கீறல். கரும்பும் ஒரு வகைப் புல்தான். புல் இனம் மண்ணிலிருந்து மணல்சத்தை உறிஞ்சி உடம்பில் சேர்த்து வைக்கிறது. நெல்லின் உமியில் அது மிக அதிகம். உமிக்கரியால் பல் துலக்கினால் பல் பளபளக்கும், பல் தேயவும் செய்யும். காரணம் அந்த மணல்சத்துதான்.

மரத்து இலையும் பழமும் தின்ற பிராணிக்கு இந்தத் தொல்லை இல்லை. புல்லுக்கு வந்த பிராணிக்கு நாள் முழுவதும் உமிக்கரியால் பல் விளக்குவது போலத்தான். அதோடு புல் தரையோடு தரையாக இருப்பது. தூசியும் மண்ணும் சேர்ந்தே வாய்க்குள் போகும். பல்லைத் தேய்ப்பதில் புல்லின் மணல்சத்துக்குப் பங்கு அதிகமா, மேலே படிந்த தூசிக்குப் பங்கு அதிகமா என்று நிபுணர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். தூசியின் பக்கம் பேசுகிறவர்கள் அண்மைக் காலத்தில் பலம் பெற்றிருக்கிறார்கள். கோடையில் காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இராது. கிளுவை வேலிக்குள் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் நிற்கும். மாடு கடிக்கும் ஒவ்வொரு வாய்ப் புல்லிலும் செம்மண் இருக்கும்.

நரி அளவு குதிரை

இனி ஐந்தரைக் கோடி ஆண்டு பின்னால் போவோம்.

அப்போது குதிரையின் மூதாதை நரி அளவே இருந்தது. முன்காலில் நான்கு விரல். பின்காலில் மூன்று விரல். காட்டுக்குள் இலையும் பழமும் தின்று வாழ்ந்தது. அதன் கடைவாய்ப் பல் குட்டையானது. மேலே சிறு சிறு மேடுகள். சிமெண்ட் இல்லை. ஏறத்தாழ நம் கடைவாய்ப் பல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் கிடைத்த அப்படி ஒரு மண்டையோட்டுக்கு ரிச்சர்ட் ஓவன் என்ற பெரிய நிபுணர் 1841ல் பெயர் வைத்தார். அது குதிரையின் பாட்டன் வகை என்று அவருக்கே தெரியவில்லை! பாறை இடுக்கில் வாழும் முயல் போன்ற ஹைராக்ஸ் என்ற சிறு பிராணியைப் போல இருக்கிறது என்று நினைத்து, 'ஹைராகோதீரியம்' என்று பெயர் சூட்டிவிட்டார்.

டார்வின் கதை இன்னும் சுவையானது. 1833ல் அவர் தென் அமெரிக்காவில், அர்ஜென்டினா நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். வயது 24. மறைந்து போன ராட்சதப் பிராணிகளின் எலும்போடு ஒரே மண் அடுக்கில் ஒரு பல் கிடைத்தது. அது குதிரைப் பல்! டார்வின் திகைத்துப் போனார். காரணம், ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுவரும் வரை அமெரிக்கக் கண்டத்தில் குதிரையே கிடையாது. அங்கிருந்த செவ்விந்தியர்கள் குதிரையைக் கண்டதும் இல்லை.

பிறகுதான் உண்மை தெரிந்தது. குதிரை பிறந்து வளர்ந்த வீடே அமெரிக்காதான். அங்கேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கேயே பூண்டற்றுப் போனது. அதற்குள் ஒரு கிளை ஆசியாவுக்குத் தரை வழியாக வந்துவிட்டதால்தான் குதிரை என்ற பிராணி உலகத்தில் தப்பியது. தாய்வீட்டுக்கு அது கப்பலேறித் திரும்பிப் போனது!

1876ல் ஆங்கில விஞ்ஞானி ஹக்ஸ்லி அமெரிக்கா சென்றார். குதிரையின் பூர்வீகம் ஐரோப்பா என்று பேச்சுத் தயாரித்துக்கொண்டு போயிருந்தார். ஏல் பல்கலைக்கழகத்தில் மார்ஷ் என்ற பேராசிரியர் பெட்டி பெட்டியாகப் பல்லும் எலும்பும் எடுத்துக் காட்டினார். ஹக்ஸ்லி தன் பேச்சையே மாற்றிக்கொண்டார். பெரிய மனிதர் ஒருவர் ஆதாரத்தைக் கண்டதும் "என் கருத்து தவறு" என்று ஒப்புக்கொள்வது அபூர்வம்தானே.

ஏணியா, புதரா?

அன்று முதல் பாடப்புத்தகங்களில் ஒரு படம் வந்தது. நரி அளவு குதிரை, ஆடு அளவு குதிரை, கழுதை அளவு குதிரை, இன்றைய குதிரை என்று வரிசையாக நிற்கும். பக்கத்திலேயே பல்லும் குட்டையிலிருந்து நெட்டையாக வளரும். விரலும் நான்கு, மூன்று, ஒன்று என்று குறையும். பார்த்தால் ஏணிப்படி போல இருக்கும்.

அந்தப் படம் பாதி உண்மை. மீதி, வசதிக்காக வரைந்தது.

குதிரையின் வமிசம் ஏணி அல்ல, புதர். ஒரே காலத்தில் பல இனக் குதிரைகள் அருகருகே வாழ்ந்தன. சில பெரிதாயின. சில மறுபடியும் சிறிதாயின. பெரும்பாலானவை சந்ததி இல்லாமல் அழிந்தன. புதரில் எஞ்சிய ஒரே குச்சிதான் இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றும் சேர்ந்த இனம்.

பல்லும் ஒரே சீராக வளரவில்லை. முதல் மூன்று கோடி ஆண்டுகளில் பல்லின் உயரம் பெரிதாக மாறவில்லை. மாறியது வேறு. முன்வரிசைச் சிறு பற்களும் பெரிதாகி, ஆறு பல்லும் ஒரே மாதிரி அரைக்கும் வரிசையாயின. பிறகு சுமார் 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மெரிகிப்பஸ் என்ற குதிரையின் காலத்தில், பல் சட்டென்று உயர்ந்தது. சிமெண்டும் நிரம்பியது. கோடிக் கணக்கில் பேசும்போது 'சட்டென்று' என்றால் சில லட்சம் ஆண்டு என்று பொருள்!

புல்வெளி பரவியது, உடனே பல் உயர்ந்தது என்றுதான் முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். கரோலின் ஸ்ட்ராம்பெர்க் என்ற பெண் விஞ்ஞானி பழைய மண்ணில் புதைந்த புல்லின் மணல் துணுக்குகளைத் தேடி ஆராய்ந்தார். 2006ல் அவர் வெளியிட்ட முடிவு: வட அமெரிக்காவில் புல்வெளி முதலில் பரவிவிட்டது. அதற்குப் பின் குறைந்தது 40 லட்சம் ஆண்டு கழித்துத்தான் பல் உயர்ந்தது! 2011ல் வேறொரு குழுவினர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட புதைபடிவக் குதிரைகளின் பல் தேய்மானத்தைப் பார்த்தார்கள். அவர்களும் தீனி முன்னே மாறியது, பல் பின்னே மாறியது என்றே கண்டார்கள்.

நெட்டைப் பல் உள்ள குதிரை எல்லாம் புல்தான் தின்றது என்றும் இல்லை. புளோரிடாவில் கிடைத்த 50 லட்சம் ஆண்டுப் பழைய குதிரைகளில் சில, நெட்டைப் பல்லை வைத்துக்கொண்டே மறுபடியும் இலை தின்னப் போயிருந்தன. கிரைண்டர் வாங்கியவர்கள் எல்லோரும் இட்லிக்கா ஆட்டுகிறார்கள்? அது போலத்தான்.

நம் நாட்டுப் பல்

"இதெல்லாம் அமெரிக்காக் கதைதானே, நமக்கென்ன?" என்று கேட்கலாம்.

இமயமலையின் அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் இருக்கின்றன. 1830களில் அங்கே இரண்டு ஆங்கிலேயர்கள் எலும்பு பொறுக்கினார்கள். ஒருவர் பால்கனர். சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் அதிகாரி. மற்றவர் காட்லி. பிற்பாடு கங்கைக் கால்வாயை வெட்டிய இன்ஜினீயர். யானை, நீர்யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் கிடைத்தன. குதிரைப் பல்லும் கிடைத்தது. 1837ல் லண்டன் புவியியல் சங்கம் இருவருக்கும் சேர்த்துத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

அங்கே இரண்டு விதக் குதிரைகளின் பற்கள் இருக்கின்றன. முதலாவது, மூன்று விரல் குதிரை. பெயர் ஹிப்பேரியன். சுமார் 1 கோடியே 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலிருந்து ஆசியா வழியாக வந்து சேர்ந்தது. இரண்டாவது, ஒற்றைக் குளம்புக் குதிரை. இன்றைய குதிரையின் நெருங்கிய சொந்தம். அது சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்தது. சிவாலிக் குன்றின் பெயராலேயே 'ஈக்குவஸ் சிவாலென்சிஸ்' என்று அதை அழைக்கிறார்கள்.

பல் ஒன்று கையில் கிடைத்தால் இரண்டில் எது என்று எப்படிச் சொல்வது? பூகோளப் பாடம் படித்த பிள்ளையே சொல்லிவிடலாம்! மேல் கடைவாய்ப் பல்லின் அரைக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எனாமல் கோடுகள் தேசப்படம் போலத் தெரியும். உட்புறத்தில் ஒரு வளையம் தனியாக, தீவு மாதிரி நின்றால் அது மூன்று விரல் ஹிப்பேரியன். அந்த வளையம் மற்றக் கோடுகளோடு ஒட்டிக்கொண்டு தீபகற்பம் மாதிரி நின்றால் அது குதிரை. அந்தியூரில் நிற்கும் குதிரையின் வாயிலும் தீபகற்பம்தான்.

சிவாலிக் பற்கள் இன்னொன்றும் சொல்கின்றன. சோளம், கம்பு, கரும்பு, கொழுக்கட்டைப் புல் எல்லாம் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்ளும் விதம் ஒன்று. மரம், செடி, கொடி எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. நெல் புல் இனமானாலும் இதில் மரங்களின் கட்சி! தின்ற பிராணியின் எனாமலில் அந்த வித்தியாசம் பதிந்துவிடும். கோடி ஆண்டானாலும் அழியாது. பாகிஸ்தானில் உள்ள சிவாலிக் மண்ணை இப்படிச் சோதித்து 1989ல் விஞ்ஞானிகள் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பின்னர் பல்லிலும் சோதித்தார்கள். 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்து 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வரையில் அங்கே காடு குறைந்து, சோளம் கம்பு வகைப் புல் நாட்டைப் பிடித்துக்கொண்டது.

இதைவிடப் பழையது குஜராத்தில் இருக்கிறது. சூரத் அருகே வஸ்தான் என்ற ஊரில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். நெய்வேலியில் தோண்டுவது போன்றதுதான். அங்கே சுமார் 5 கோடியே 45 லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகள் கிடைத்தன. 'காம்பேதீரியம்' என்று பெயர். காம்பே வளைகுடாவின் பெயரால் வைத்தது. டேராடூன் வாடியா நிலையத்தின் கிஷோர் குமார் முதலிய இந்திய நிபுணர்களும், அமெரிக்காவின் கென்னத் ரோஸும் சேர்ந்து ஆராய்ந்து 2014ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குதிரை, காண்டாமிருகம், டேப்பிர் ஆகிய மூன்றுக்கும் மிக நெருங்கிய உறவு இந்தப் பிராணி. அந்த முழுக் குலமும் இந்தியாவில் தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அப்போது இந்தியா ஆசியாவோடு முழுதாக ஒட்டவில்லை. கடலில் மிதந்து வந்துகொண்டிருந்த பெரிய தீவு! அதன் பல்? மேடு மேடான குட்டைப் பல். சிமெண்டும் இல்லை, மடிப்பும் இல்லை.

தமிழ்நாட்டிலும் ஒரு பல்

சென்னையிலிருந்து சுமார் 60 கிலோ மீட்டரில், பூண்டி ஏரிக்கு அருகே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863ல் ராபர்ட் புரூஸ் பூட் ஆதிமனிதனின் கல் ஆயுதங்களைக் கண்ட இடம். சாந்தி பப்பு தலைமையில் அங்கே மீண்டும் அகழ்ந்தார்கள். ஆயுதங்கள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை என்று 2011ல் வெளியான செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதே அகழ்வில் மிருகங்களின் பற்களும் கிடைத்தன. எருமை இனம், நீலான் இனம், குதிரை இனம்! திறந்த வெளியும் ஈரமும் சேர்ந்த பூமியாக அந்தப் பக்கம் இருந்தது என்று அவற்றை வைத்துச் சொல்கிறார்கள்.

அந்தக் காட்டுக் குதிரை அந்தியூர்க் குதிரைக்குப் பாட்டன் அல்ல. மனிதன் பழக்கிய குதிரை, ருஷ்யாவின் வோல்கா, டான் நதிகளின் பக்கத்திலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கியது என்று 2021ல் மரபணு ஆராய்ச்சி காட்டியது.

கொங்கு நாட்டில் இப்படிப் பல் கிடைக்குமா? இங்குள்ள பாறையில் கிடைக்காது. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கரும்பாறைகள் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. எலும்புள்ள பிராணி தோன்றுவதற்கு முன்பே உருவானவை. அம்மிக்கும் கிரைண்டருக்கும் கல் தரும் பூமி இது. புதைபடிவம் வேண்டுமானால் அரியலூருக்குப் போக வேண்டும். அங்கேயும் கிடைப்பது குதிரைக்கும் முந்திய காலத்துக் கடல் சிப்பிகள்.

பாடம் எங்கே?

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

2018 ஜனவரியில், அப்போது மத்திய ராஜாங்க மந்திரியாக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்பது அவர் சொன்ன காரணம். இப்படிப் பேச வேண்டாம் என்று அவருடைய இலாகாவின் மூத்த மந்திரி ஜவடேகரே அவரிடம் சொல்ல வேண்டி வந்தது.

2023ல் வேறு விதமாக வந்தது. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடம் இருந்தது. அது 'பாரம்பரியம்' என்று சுருங்கியது. பரிணாமம் போய்விட்டது! 1,800க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அதைத் திரும்பச் சேர்க்கும்படி பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

அரசுத் தரப்பில் சொன்ன சமாதானம்: கொரோனாவுக்குப் பின் பிள்ளைகளின் பளு குறைய வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பாடம் இருக்கத்தான் செய்கிறது.

பளு குறைய வேண்டும் என்பது நியாயம். பிள்ளைகளின் புத்தக மூட்டையைத் தூக்கிப் பார்த்த எந்தத் தகப்பனாரும் மறுக்க மாட்டார். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். அங்கே உயிரியல் எடுப்பவர் எத்தனை பேர்? கணக்கு, வணிகம், கம்ப்யூட்டர் என்று போகிறவர்கள் அந்தப் பாடத்தைக் கண்ணால் காணாமலே வெளியே வருவார்கள். பத்தாம் வகுப்புதான் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து விஞ்ஞானம் படிக்கும் கடைசி வகுப்பு.

"யார் பார்த்தார்கள்?" என்பதும் விட்டுவிடக்கூடிய கேள்வி அல்ல. நல்ல கேள்வி. சந்தையில் குதிரை வாங்க வருபவரும் அந்தக் குதிரை பிறந்ததைப் பார்த்தவர் இல்லை. விற்பவர் சொல்வதையும் நம்புவதில்லை. பல்லைப் பார்க்கிறார். எட்டு வயது என்று தெரிந்துகொள்கிறார். குழி எப்படி மறைகிறது என்பது அவருக்குத் தெரியும், அதனால் நிச்சயமாகச் சொல்கிறார். சிவாலிக் குன்றில் பல் பொறுக்கியவர்கள் செய்ததும் அதே காரியம்தான்.

குறை விஞ்ஞானிகள் பக்கத்திலும் இருக்கிறது. அந்த ஏணிப்படிப் படத்தை நூறு வருஷம் அப்படியே அச்சடித்தார்கள். பல் உடனே உயர்ந்தது என்று எழுதினார்கள். பிறகு அவர்களே தோண்டி, தேய்மானத்தை அளந்து, 40 லட்சம் ஆண்டு இடைவெளி என்று திருத்தினார்கள். இந்தத் திருத்திய கதைதான் பழைய கதையைவிடப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல பாடம் எழுதுவதை விட்டு, பக்கத்தையே கிழித்தால் எப்படி?

தமிழ்நாட்டு அரசு 2019ல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்ற பாடம் இடம் பெற்றது. ஆகவே கோவையில் ஒரே தெருவில் இருந்த இரண்டு பிள்ளைகளின் நிலைமை வேடிக்கையானது. ஒரு பிள்ளை மாநிலப் பாடத்திட்டப் பள்ளிக்குப் போனது. புதைபடிவம் என்றால் என்ன என்று படித்துப் பரீட்சை எழுதியது. மற்றப் பிள்ளை, அதிகச் சம்பளம் கட்டி, மத்தியப் பாடத்திட்டப் பள்ளிக்குப் போனது. அது 2023ல் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளும் ஆடி மாதம் அந்தியூருக்கு ஒரே பஸ்ஸில் போகக்கூடியவர்கள். குதிரையின் உதட்டை விலக்கும்போது இருவரும் எட்டித்தான் பார்ப்பார்கள். முன்பல்லின் குழியைப் பற்றிக் குதிரைக்காரரே சொல்லிவிடுவார். உள்ளே இருக்கும் நீளப் பல்லைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள, அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் புத்தகத்தைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும்.